லீவு எடுத்துக்கோ, சம்பளம் மட்டும் கேட்காதே!

கேள்வி: எனக்கு வயது 26. ஊர் குள்ளஞ்சாவடி. வடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டரை வருஷமாக பில் போடும் வேலை பார்க்கிறேன். கடையில் நாங்கள் 22 பேர். சம்பளம் 15,000 ரூபாய். பி.எஃப்.புக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 113 பிடித்ததுபோகக் கைக்கு 13,087 வரும். கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மாதம் முழுக்க டூட்டி கிடைத்தால் 17,000 வரை கொண்டுவருவார். மழை மாதங்களில் அதுவும் குறையும்.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஏப்ரல் நடுவில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். முதலாளியிடம் சொன்னேன். “லீவு எடுத்துக்கம்மா, யாரு வேணாங்கறா? சம்பளம் மட்டும் கேட்காதே. ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ, குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் வா, பார்த்துக்கலாம்” என்றார். நல்ல மனுஷர்தான். தீபாவளிக்கு எல்லோருக்கும் புடவை எடுத்துத் தருவார்.

வண்டிக் கடனுக்கு மாதம் 3,200, குழுக் கடனுக்கு 2,150, சீட்டுக்கு 2,000 கட்டுகிறோம். வளையல் ஒரு ஜோடி அடகில் இருக்கிறது. அத்தை வீட்டிலிருந்தபடியே முந்திரிப் பருப்புத் தோல் எடுக்கிறார். அந்தக் காசு மளிகைக்குச் சரியாகப் போகும். என் அம்மா வீட்டில் மண்டபம் பிடித்து வளைகாப்பு செய்ய வேண்டும் என்று நிற்கிறார்கள். அதற்கு எழுபதாயிரமாவது ஆகும், கடன்தான் வாங்க வேண்டும். என் பெரியம்மா மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒரு வருஷம் முழுச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. எனக்கு மட்டும் ஒன்றுமே கிடையாதா? ஆறு மாதம் என் சம்பளம் இல்லாமல் எப்படி ஓட்டுவது? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், குள்ளஞ்சாவடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எழுதிக் கொடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்” என்று நீட்டினாலும், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது. எழுதிய நீங்களே அதைக் கவனிக்கவில்லை. 113 ரூபாய். மாதா மாதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடித்து, 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய், முதலாளி தன் பங்காகப் போட்டுக் கட்டுகிறார். பெரும்பாலான பெண்கள் அதைக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும் அட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவுக்குப் பணம் தரும் காப்பீடும் அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இது உண்டு. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். நீங்கள் இரண்டரை வருஷமாகக் கட்டுகிறீர்கள்.

ஆகவே உங்கள் முதலாளி சம்பளம் தர மாட்டேன் என்பதில் தவறில்லை. அவர் தர வேண்டியதே இல்லை. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்குப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் நேரே வங்கிக் கணக்கில் போடும். கடைக்கு ஒரு பைசா செலவில்லை. பல முதலாளிகளுக்கே இது தெரியாது. ஆறு மாதச் சம்பளம் தன் தலையில் விழப்போகிறது என்ற பயத்தில் ராஜினாமா கேட்கிறார்கள். புடவை எடுத்துத் தருகிற மனுஷர் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், சண்டைக்குப் போகாமல் இதை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். “உங்க கையிலிருந்து எதுவும் போகாது சார், நீங்க கட்டின இன்சூரன்ஸ்தான் கொடுக்கப்போகுது.” பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், சட்டம் உங்கள் பக்கம். பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவது செல்லாது. அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் விடுப்பு தொடங்குகிறது, பிரசவம் எப்போது, எப்போது திரும்புவீர்கள், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும். கையில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தாள் இல்லாமல்தான் தோற்றன. “வாயால் சொன்னேன் மேடம்” என்பார்கள். வாயால் சொன்னதற்கு ஏது நகல்?

இப்போது கணக்குக்கு வருவோம். 15,000 சம்பளம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 ரூபாய். 26 வாரம், 182 நாள். மொத்தம் சுமார் 91,000 ரூபாய். நீங்கள் வேலைக்கே போயிருந்தால் இதே ஆறு மாதத்தில் கைக்கு வந்திருப்பது 78,500 சொச்சம். பேறுகாலப் பணத்தில் பி.எஃப். பிடித்தம் இல்லை என்பதால் கையில் விழுவது கூடுதலாகவே இருக்கும். அந்த மாதங்களில் பி.எஃப். கணக்கில் புதிதாகப் பணம் சேராது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் உங்கள் வீட்டில் வருமானம் குறையவே போவதில்லையா? தொகை குறையாது. தேதிதான் குலையும். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். வண்டிக் கடன்காரருக்கும் குழுவுக்கும் சீட்டுக்கும் மாதா மாதம் ஒரு தேதி இருக்கிறது. இ.எஸ்.ஐ. பணத்துக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. விண்ணப்பம், மருத்துவச் சான்று, சரிபார்ப்பு என்று போய் மொத்தமாக வந்து விழும். நடுவில் இரண்டு மாதம் காய்ந்துவிட்டால் மிச்சமிருக்கும் நகையும் அடகுக்குப் போகும். பிறகு மொத்தமாகப் பணம் வரும்போது, “காசுதான் இருக்கே” என்று ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் வரும். நான் பார்த்தவரையில் பேறுகாலத்தில் கடனில் விழுந்த குடும்பங்கள் பணம் வராமல் விழுந்ததைவிட, பணம் வருவதற்கு முன்னால் விழுந்ததுதான் அதிகம்.

அந்த இரண்டு மாதத்தை இப்போதே கட்டிவையுங்கள். பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். ஆனால் மொத்தம் 26-தான், முன்னால் எடுப்பது பின்னால் குறையும். உடம்பு ஒத்துழைத்தால் மார்ச் நடுவில் தொடங்குங்கள். செப்டம்பர் நடுவரை வரும். அதுவரை கடையில் நின்றபடியே பில் போடாதீர்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியாயிற்று. ஸ்டூல் கேளுங்கள்.

மார்ச்சுக்குள் கடன் தவணை இரண்டு மாதத்துக்கானது, சுமார் பதினோராயிரம், தனியாகச் சேர வேண்டும். சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் மார்ச்சில் எடுத்துவிடுங்கள். ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணத்துக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள், கழிவு ஏறும். இ.எஸ்.ஐ. பணம் விழ இன்னொரு கணக்கு இருந்தால் நல்லது. வண்டிக் கடன் பிடிக்கிற கணக்கிலேயே விழுந்தால் எது எதற்கு என்று தெரியாமல் கரையும். குழுக் கடன் வசூலுக்கு வருகிறவரிடம் இப்போதே, கையில் பணம் இருக்கும்போதே, ஏப்ரல் மே தவணையைப் பற்றிப் பேசுங்கள். தவணை தவறிய பிறகு பேசுகிற பேச்சுக்கு மரியாதை குறைவு.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. ஒன்று, பிடித்த பணத்தை முதலாளி உண்மையில் கட்டியிருக்கிறாரா என்று உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்துக் கிளை அலுவலகத்தில் இப்போதே பாருங்கள், ஏப்ரலில் அல்ல. இரண்டு, அட்டையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று, விடுப்பில் இருக்கும்போது “ஆடித் தள்ளுபடிக்குப் பத்து நாள் வந்துட்டுப் போம்மா” என்று கூப்பிட்டால் போகாதீர்கள். கூலிக்கு வேலை செய்த நாளுக்குப் பேறுகாலப் பணம் கிடையாது. பேறுகாலத்தால் வந்த நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் வரை நீட்டிக்கவும் இடமுண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

பெரியம்மா மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அது அரசு தன் ஊழியருக்குத் தருவது. உங்களுக்கு 26 வாரம் என்பது 2017-இல் வந்தது. அதற்கு முன் 12 வாரம்தான். அமெரிக்காவில் இன்றைக்கும் நாடு முழுமைக்கும் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு என்று ஒன்று கிடையாது. அதைச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்தப் பார்க்கவில்லை. தகவலுக்குச் சொல்கிறேன்.

இன்னொரு தகவலும் சொல்லத் தோன்றுகிறது. சென்னை மாகாணத்தில் பேறுகால உதவிக்கென்று சட்டம் வந்தது 1934-இல். சுரங்கங்களில் வேலை செய்த பெண்களுக்குத் தனியாக 1941-இல் ஒரு சட்டம். எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி நாடு முழுமைக்கும் வந்தது 1961-இல். இப்போது அந்தப் பழைய சட்டங்களை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற பெயரில் ஒன்றாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, உங்கள் 26 வாரம் மாறவில்லை. யாராவது “அந்தச் சட்டமே போயிடுச்சு” என்றால் நம்பாதீர்கள்.

கடையில் இ.எஸ்.ஐ. இல்லாமல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்கும் வாசகிகள் இதைப் படித்தால், உங்களுக்கு அந்தப் பணத்தை முதலாளியே தர வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலி, கான்ட்ராக்ட் என்பதெல்லாம் சாக்கு. டில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களின் வழக்கில், 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் பேறுகால உதவி உண்டு என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தம் நடுவில் முடிந்துபோனாலும் பேறுகாலப் பயன் முடியாது என்று 2023-இல் இன்னொரு தீர்ப்பு.

ஆனால் இத்தனை சட்டமும் எட்டாத ஒரு இடம் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. உங்கள் அத்தையும் அவரோடு உட்கார்ந்து தோல் எடுக்கிற பெண்களும். பண்ருட்டியிலிருந்து உங்கள் ஊர் வரை முந்திரிக்காடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்த வேலை உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளி யார் என்றே தெரியாது. மூட்டை வரும், மூட்டை போகும். கொட்டை உடைக்கிற இடத்தில் அந்த எண்ணெய் பட்டுக் கை வெந்திருக்கும். அந்தக் கையோடுதான் பச்சைக் குழந்தையைத் தூக்குவார்கள். அந்தப் பெண்களுக்கு இருப்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 1927-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண், மருத்துவர், அவர் பெயரில் 1987-இல் தொடங்கியது. இன்று மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. மிச்சம் 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது ஆகியிருந்தால். உங்களுக்கு 91,000, பக்கத்துத் திண்ணையில் இருப்பவளுக்கு 14,000. வித்தியாசம் அந்த 113 ரூபாய்.

இந்தப் பணமும் இ.எஸ்.ஐ.யோடு சேர்ந்து உங்களுக்குக் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். வேறு சட்டப்படி பேறுகாலப் பயன் வாங்குகிறவர்களுக்கான திட்டமில்லை அது. ஆனால் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது யாராக இருந்தாலும் செய்ய வேண்டியது. பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கேட்பார்கள். இதுவரை வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்குங்கள்.

பிரசவச் செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. தனியார் ஆஸ்பத்திரி என்று யாராவது பேச ஆரம்பித்தால், சிசேரியன் ஆனால் எவ்வளவு என்று அதே வாயால் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், தாய்க்குச் சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உட்பட. தாய்க்குச் சிக்கல் ஏதும் உண்டென்று மருத்துவர் சொல்லியிருந்தால் கடலூர் தலைமை மருத்துவமனையில் பார்ப்பதே நல்லது. என் சொந்த அபிப்பிராயம், இரண்டு இடத்தையும் பார்த்தவள் என்ற முறையில்: தனியாரில் கட்டுகிற பணத்தில் பாதி தனி அறைக்கும், பார்க்க வருகிறவர்கள் உட்கார நாற்காலிக்கும்தான் போகிறது.

வளைகாப்புக்கு வருகிறேன். எழுபதாயிரம் என்கிறீர்கள். உங்கள் 26 வாரப் பணத்தில் முக்கால் பங்குக்கும் மேல். அதை ஒரே மதியத்தில் பந்தி போட்டுவிட்டு, பிறகு ஆறு மாதம் வட்டி கட்டுவது. செய்யவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முதல் குழந்தை, தாய்வீட்டு ஆசை, பெண்ணுக்கும் அந்த ஒரு நாள் வேண்டும். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நெருங்கிய முப்பது பேரோடு, கலந்த சாதம் கிளறி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குங்கள். பொன் வளையல் அடகில் இருக்கிறதே என்று அம்மாவுக்கு வருத்தம் இருக்கும். அதனால்தான் மண்டபம் கேட்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அங்கன்வாடி மூலம் அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பும் இருக்கிறது. சீர்வரிசைத் தட்டு, வளையல், சாப்பாடு எல்லாம் உண்டு. அதற்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஆறு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்டீர்கள். அது ஓடிவிடும். ஏழாவது மாதத்தைப் பற்றி யோசித்தீர்களா? செப்டம்பர் நடுவில் கடைக்குப் போகிறீர்கள், குழந்தைக்கு ஐந்து மாதம். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். உங்கள் கடையில் 22 பேர். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு, ஆனால் வடலூரிலிருந்து குள்ளஞ்சாவடிக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? இரண்டையும் சேர்த்துச் சாயங்காலம் சீக்கிரம் விடச் சொல்லிக் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் பில் போடத் தெரிந்த ஆள் இல்லாமல் எந்த ஜவுளிக்கடையும் ஓடாது. பேரம் பேச அதைவிட நல்ல காலம் வராது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அத்தைதான். “அத்தை வீட்டில்தானே இருக்கிறார்” என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் சும்மா இல்லை, மளிகைக் காசு சம்பாதித்துக்கொண்டிருக்கிறார். பேரப்பிள்ளை மடியில் இருக்கும்போது பருப்பு மூட்டை ஓரமாகத்தான் கிடக்கும். உங்கள் வீட்டில் வருமானம் உண்மையில் குறையப்போவது அப்போதுதான், குறையப்போவது உங்களுடையதும் அல்ல. ஆகவே இ.எஸ்.ஐ. பணம் வந்ததும் முதலில் 15,000 எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு தொகையை, தோல் எடுத்தால் அவர் கையில் வந்திருக்கக்கூடியதை, அத்தை கையில் கொடுங்கள். செலவுக்குக் கேட்டால் தருவோம் என்பது வேறு, மாதம் பிறந்ததும் எண்ணிக் கொடுப்பது வேறு. இந்தப் பேச்சை அத்தையிடம் எடுக்க வேண்டியது நீங்கள் இல்லை, அவர் மகன். இந்தப் பக்கத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.